தரம் என்னும் பிரதியை எழுதுவோர்

சட்டத்தை அதிகாரம் எழுதும், எதிர்ப்பை நாம் எழுதுவோம் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. சட்டத்தை எழுதவே நம்மைக் கூப்பிட்டால்? பிரிட்டனின் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு அப்படியொரு அழைப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1997ல் உருவான கியூஏஏ எனும் உயர்கல்வித் தர உறுதி முகமை, தன் வழிகாட்டுதல்களைச் சொந்த அலுவலர்களை மட்டும் வைத்து எழுதுவதில்லை. விருப்பப்பட்டு வரும் ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் குழுவாகச் சேர்த்துக்கொள்கிறது. பாடவாரியான தர வரையறைகள் அப்படித்தான் உருவாயின. 2018ல் திருத்தப்பட்ட தர விதித்தொகுப்புக்கு 12 தலைப்புகளில் வந்த வழிகாட்டுதல்களும் அப்படித்தான்.

முன்வருகிறவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990களில் அங்கே ஒவ்வொரு துறையின் கற்பித்தலும் ஆறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, கூறுக்கு 4 வீதம் மொத்தம் 24 மதிப்பெண்ணுக்கு அளக்கப்பட்டது. அந்த முறை 2001ல் முடிவுக்கு வந்தது. அதைக் கண்டவர்கள், ‘எவனோ வந்து மார்க் போடறதைவிட அளவுகோலை நாமே எழுதிட்டா என்ன?’ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் அந்த ‘நாமே’யில்தான். யார் இந்த நாம்? கூட்டத்துக்குப் போய்வர நிறுவனம் நேரம் ஒதுக்கித் தருகிற, வேலை நிரந்தரமானவர். மணிக்கணக்கில் கூலி வாங்கிப் பாடம் எடுப்பவருக்கு, கூட்டத்தில் உட்காரும் மணிக்குக் கூலி கிடையாது. ஒரே ஆள் மூன்று இடத்தில் பாடம் எடுத்து ஓடும்போது தரம் எங்கே உடைகிறது என்று அறிந்தவர் அவர்தான். பிரதியில் அவர் இல்லை. யாரும் அவரை விலக்கவில்லை; தன்னார்வம் என்ற சொல்லே சல்லடையாக வேலை செய்துவிட்டது.

இனி பிரதியின் மொழி. அதில் நான் இல்லை, நாம் இல்லை. ‘நிறுவனம் உறுதிசெய்கிறது’ என்ற வாக்கியம்தான் உண்டு. குழுவுக்குள் நடந்த சண்டை, ஒருவர் ஒப்பாமல் எழுந்துபோனது, எதற்கும் தடயம் கிடையாது. தணிக்கை என்பது வேலையைப் பார்ப்பதைவிட வேலையைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறதா என்றே பார்க்கிறது என மைக்கேல் பவர் 1997லேயே தணிக்கைச் சமூகம் பற்றிய நூலில் சுட்டினார். அதிகாரம் தடுப்பது மட்டுமல்ல, உற்பத்தியும் செய்கிறது என்றார் ஃபூக்கோ. இங்கே உற்பத்தியாவது, தன்னை அளக்கும் கோலைத் தானே செதுக்கித் தரும் ஆசிரியர்.

அந்தக் கோலாவது அவர் கையில் இருந்ததா? 2022ல் இங்கிலாந்தின் ஒழுங்காற்று அமைப்பான மாணவர் அலுவலகம், தர விதித்தொகுப்பைத் தன் ஒழுங்காற்றுச் சட்டகத்திலிருந்து எடுத்துவிட்டது. 2023 மார்ச்சோடு, இங்கிலாந்தில் சட்டப்படி நியமிக்கப்பட்ட தர அமைப்பு என்ற பொறுப்பிலிருந்து கியூஏஏ விலகிக்கொண்டது. 2024ல் விதித்தொகுப்பு மறுபடி புதுப்பிக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கு எழுதும் வேலை தரப்பட்டது. எழுதியதை வைத்திருப்பதா எறிவதா என்கிற முடிவு வேறொரு மேசையில்.

அப்படியானால் போகாமல் இருந்துவிடலாமா? நாம் விட்ட நாற்காலியில் நாளைக்கே ஒரு நிர்வாக ஆலோசகர் வந்து உட்காருவார். போகத்தான் வேண்டும், நிபந்தனையோடு. எழுதும் நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். மணிக்கூலி ஆசிரியருக்குக் குழுவில் இடமும், அந்த இடத்துக்குக் கூலியும் வேண்டும். மாற்றுக்கருத்து அதே பிரதியில் அச்சாக வேண்டும்.

இது சீமைக்கதை மட்டுமல்ல. இந்தியாவில் நாக் 1994லிருந்து இருக்கிறது. சக ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிடுவது அதன் முறையிலும் இருந்துவந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் அதற்கான அறிக்கையை ராத்திரி உட்கார்ந்து எழுதுகிற தோழர்கள் இதை வாசிக்கக்கூடும். அடுத்தமுறை பேனாவை எடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இதில் என் வாக்கியம் எது?