‘நான்’ என்று தொடங்கும் அட்டை

மென்பொருள் அலுவலகங்களில் ‘பயனர் கதை’ என்று ஒன்று எழுதுகிறார்கள். ஓர் அட்டையில் அடங்கிவிடும் அளவுதான். ‘இன்னாராகிய எனக்கு இன்னது வேண்டும், இன்ன காரணத்துக்காக’ என்பது அதன் வாய்பாடு. 2001 வாக்கில் லண்டனில் கானெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவாகி உலகெங்கும் பரவியது. எந்த அட்டையை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று ‘புராடக்ட் ஓனர்’ முடிவு செய்வார். இரண்டு வாரத்துக்கொரு முறை கொஞ்சம் கட்டி, வெளியிட்டு, குறை கேட்டு, மீண்டும் கட்டுவார்கள். ‘அஜைல்’ என்ற பணிமுறையின் அன்றாடம் இது.

இலக்கியம் படிக்கும் நமக்கு அந்த அட்டையில் முதலில் கண்ணில் படுவது ‘நான்’. தன்மை ஒருமையில் பேசுகிறது. ஆனால் பேசுபவள் எழுதியது அல்ல அது. தலைவியின் குரலில் ஆண் புலவர் பாடிய அகப்பாடலிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் இங்கும்: இந்த ‘நான்’ யாருக்கு வசதியாகப் பேசுகிறாள்?

அஜைலின் பிறப்புக் கதை பலமுறை சொல்லப்பட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். பதினேழு பேரும் ஆண்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. மேலிருந்து வரும் தடித்த திட்ட ஆவணங்கள் வேலை செய்பவரின் அறிவை மதிக்கவில்லை என்றார்கள். கருவிகளைவிட மனிதர்களும், ஒப்பந்தத்தைவிட உரையாடலும், திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதும் முக்கியம் என்றார்கள். இதில் மறுக்க எனக்கு எதுவுமில்லை. ஆனால் அவர்கள் நல்ல சம்பளம் வாங்கிய நிரலாளர்கள், ஆலோசகர்கள். பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவர்களுக்கு இருந்தது. மாற்றத்தை வரவேற்கிறோம் என்று சொல்ல அந்தத் தெம்பு வேண்டும்.

அது இல்லாத இடத்தில் மாற்றம் எப்படி வந்து இறங்குகிறது என்று பார்க்க ஜவ்வாது மலைக்குப் போகலாம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துகிடக்கும் மலை. ஜமுனாமரத்தூர் அதன் ஒன்றியத் தலைமையிடம். மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கும் சிற்றூர்கள் (பெயர் ஒன்றானாலும் கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை). இங்கே பால்வாடி டீச்சரின் கையிலும் ஒரு டிஜிட்டல் புராடக்ட் இருக்கிறது: ‘போஷன் டிராக்கர்’. 2021 மார்ச்சில் ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் கொண்டுவந்த செயலி. நாட்டின் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளுக்கும் இதுதான். அதைக் கட்டியவர்கள் தங்கள் முறையை அஜைல் என்று அழைத்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. ஓயாமல் புதுப்பிக்கப்படும் புராடக்டாக அது வந்துசேர்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பின் செலவும் யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

குழந்தையின் எடை, உயரம், வருகை, மாவு வழங்கல் எல்லாம் அதில் ஏற வேண்டும். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகச் சரிபார்ப்பும் கட்டாயமானது. தாயின் ஆதார் விவரம் ஏற்ற வேண்டும், கைப்பேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும், பிறகு அவள் கேமரா முன் கண் சிமிட்ட வேண்டும். முகம் பொருந்தினால் மாவு.

இந்தப் படிகளின் பின்னால் இருக்கும் அட்டையை நாமே எழுதிப் பார்க்கலாம். ‘கண்காணிப்பு அதிகாரியாகிய எனக்கு, மாவு உரியவர் கைக்குத்தான் போனது என்ற உறுதி வேண்டும், கசிவைத் தடுப்பதற்காக.’ கசிவு பொய்யான கவலை அல்ல. ஆனால் செயலியைத் தொடும் விரல் டீச்சருடையது, சிமிட்டும் கண் தாயுடையது. அட்டையின் ‘நான்’ இருவரும் இல்லை. அவர்கள் அந்தக் கதையில் சந்தேகிக்கப்படுபவர்கள்.

ஓடிபியையே எடுத்துக்கொள்வோம். அது தாயின் கைக்கு வரும் என்பது ஒரு கற்பனை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் இந்திய அளவில் 54 விழுக்காடுதான். ஜவ்வாது மலையின் ஆண்கள் கூலிக்காக வெளியூர் போவது புதிதல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலையிலிருந்து போனவர்களும் இருந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஆதாரில் கணவரின் எண் பதிவாகியிருந்தால், அவர் வேலைக்குப் போகும்போது அந்த எண்ணும் கூடவே போகிறது. மலையில் நிற்பவள் டீச்சரின் முன் கையைப் பிசைகிறாள். டீச்சர் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடுகிறாள். இதே மலையில் காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி எட்டாத விண்மீன்களைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிரில் நிற்கும் தாயின் முகத்துக்குத்தான் இவ்வளவு பாடு.

புராடக்ட் உத்தியின் மொழியில் இதை ‘கடைசி மைல்’ சிக்கல் என்பார்கள். சொல்லிலேயே பார்வை இருக்கிறது: பேசுபவர் தில்லியிலிருந்து எண்ணுகிறார். 2023இல் வேலூர் பக்கத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைச் சாலை இல்லாத வழியில் பெற்றோர் தூக்கிச் சுமந்தார்கள். அந்தத் தாய்க்கு அது முதல் மைல்.

டீச்சரிடம் திரும்புவோம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அவளை ஊழியர் என்று சொல்லவில்லை. சேவை செய்பவர் என்றது. ஒன்றிய அரசு 2018 அக்டோபரிலிருந்து நிர்ணயித்த மாதம் 4,500 ரூபாய்க்கு ‘மதிப்பூதியம்’ என்று பெயர். தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. நிலைமை சற்று மேல், அவ்வளவே. பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. ஊழியராகவே ஏற்கப்படாத ஒருத்தியின் நேரம் எந்த ஸ்பிரிண்டின் கணக்கிலும் வருவதில்லை. புதிய பதிப்பைத் தரவிறக்கும் அரை மணி, சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மணி, இரவில் வீட்டில் உட்கார்ந்து விட்டதை ஏற்றுவது: இவை நிரலாளருக்கு நடந்திருந்தால் ‘தொழில்நுட்பக் கடன்’ என்று பெயரிட்டுப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். பெண்ணின் வேலைக்குள் போனதும் அது பெயரை இழக்கிறது. வீட்டுவேலை பற்றி நாம் பேசியதை இங்கே மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருக்கிறது.

கருத்து கேட்கவே இல்லையா என்றால், கேட்காமலே சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பெண்கள், அரசு கொடுத்த பழுதான கைப்பேசிகளை மூட்டை மூட்டையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். செயலி தங்கள் மொழியில் இல்லை என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. பின்னாளில் பல மொழிகள் சேர்க்கப்பட்டன. புராடக்ட் மேலாண்மைப் பாடநூல்களில் ‘பயனர் பின்னூட்டம்’ என்ற அத்தியாயத்தில் இது இடம்பெற வேண்டும். தொழிற்சங்கச் செய்தி என்ற பத்தியோடு நின்றுபோனது.

பழைய பதிவேட்டை நான் புனிதப்படுத்தவில்லை. நீளக் கோடுகளும் திரும்பத் திரும்ப எழுதுவதும் அதிலும் இருந்தன. ஆனால் அதற்கு ஓரம் இருந்தது. ‘தாய் களையெடுக்கப் போயிருக்கிறாள், பாட்டியிடம் கொடுத்தேன்’ என்று டீச்சர் எழுதி வைக்கலாம். அது ஒரு முடிவு. அதை எடுக்கும் அறிவும் பொறுப்பும் அவளுடையது என்று அந்த ஓரம் ஒப்புக்கொண்டது. ஸ்னோபேர்டில் கூடியவர்கள் தங்களுக்காகக் கேட்டதும் இதைத்தான்.

அதனால் டீச்சர் எழுதக்கூடிய ஓர் அட்டை இது: ‘பால்வாடி டீச்சராகிய எனக்கு, முகம் பொருந்தாவிட்டாலும் மாவைக் கொடுத்துவிட்டுக் காரணத்தை எழுத ஓர் இடம் வேண்டும், இவளை எனக்குத் தெரியும் என்பதற்காக.’ ஒரு பொத்தானும் ஒரு எழுத்துப் பெட்டியும்.