பால்காட்டாத விகுதியும் பெயர் சுட்டாத ‘நானு’ம் : சுஜாதாவின் பத்தி உரைநடை

துப்பறியும் கதையாசிரியராகப் பெரும்புகழ் பெற்ற சுஜாதாவின் (எஸ். ரங்கராஜன், 1935-2008) எழுத்துகளுள் ‘கணையாழியின் கடைசிப் பக்கங்கள்’ தனித்து நோக்கத்தக்கது. கஸ்தூரிரங்கன் 1965இல் தில்லியில் தொடங்கிய கணையாழியில் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்ற பெயரில் முதலில் வெளிவந்த இப்பத்தி, அன்றாட நிகழ்ச்சிகள், படித்த நூல்கள், அவ்வப்போது எழுந்த சிந்தனைகள் ஆகியவற்றின் பதிவாகும். கணேஷ், வசந்த் தோன்றும் புதினங்களே அவருடைய முதன்மைப் படைப்புகள் என்றும், பத்தி அவற்றின் துணைவிளைவு என்றும் கருதும் போக்கு திறனாய்வாளரிடையே உண்டு. மொழிநிலையில் நோக்கின் இக்கருத்துப் பொருந்துவதாக இல்லை.

இப்பத்தியின் பெரும்பகுதி பெங்களூர் வாழ்க்கையின் விளைவு. அப்பெங்களூர், நகரின் தெற்கே ஓசூர்ச் சாலையில் ஹெப்பகோடி, மின்னணு நகரம் என விரிந்துள்ள இன்றைய தொழிற்பகுதி அன்று. வடமேற்கே ஜாலஹள்ளியில், மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவான பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைச் சூழ்ந்த உலகம். அலுவலகத்தில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டில் ஸ்ரீரங்கத்துத் தமிழ் என்னும் சூழலில் எழுதியவர் தம் தமிழைச் சிக்கனப்படுத்திக்கொண்டதில் வியப்பில்லை.

இச்சிக்கனம் புதினத்திலும் பத்தியிலும் ஒரே இலக்கணக் கூறுகளைச் சார்ந்து இயங்குகிறது. துப்பறியும் கதைக்குத் தமிழ் தரும் வசதி ஒன்றை முதலில் குறிப்பிட வேண்டும். ‘வந்திருந்தவர் விளக்கை அணைத்தார்’ என்னும் தொடரில் வந்தவர் ஆணா பெண்ணா என்பது தெரிவதில்லை. ‘அவர்’ என்ற பெயரும் ‘-ஆர்’ விகுதியும் உயர்வைக் காட்டுகின்றன, பாலைக் காட்டுவதில்லை. கொலையாளியை இறுதி இயல்வரை மறைத்து வைக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆசிரியர் பொய் சொல்லவில்லை, இலக்கணம் கேட்காததைச் சொல்லாமல் விடுகிறார். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவரோ முதற் பக்கத்திலேயே ஆண்பாலையோ பெண்பாலையோ தேர்ந்தாக வேண்டும். அல்லது பெயர்ச்சொல்லையே மீண்டும் மீண்டும் எழுதி, மறைப்பு நிகழ்வதை வாசகர்க்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

பத்தியில் மறைக்கப்படுவது ‘நான்’. ‘படித்தேன்’, ‘பார்த்தேன்’ என விகுதியே தன்மையைச் சுட்டுவதால் எழுவாய் தேவையற்றுப் போகிறது. நாட்குறிப்புப் போன்ற இவ்வெழுத்தில் எழுதுபவர் ஓரத்திலேயே நிற்பதற்கு இதுவே காரணம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் தன்மைப் பெயர் வந்து சேர, அடக்கமான குறிப்பு தற்புகழ்ச்சியின் தொனி பெற்றுவிடுகிறது. சொல்லுக்குச் சொல் பிழையின்றி அமைந்த மொழிபெயர்ப்பும் ஆளைப் பிழையாகக் காட்டும்.

ஆனால் இச்சிக்கனம் எல்லா இடத்திலும் பாராட்டத்தக்கதன்று. ‘பிடிக்கவில்லை’ என்னும் வினைமுற்றில் இடமும் இல்லை, எண்ணும் இல்லை. ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமைப் பெயரையும் நீக்கிவிட்டால், ஒருவருடைய சுவை உலகத் தீர்ப்பாகத் தோற்றம் கொள்ளும். நூல்களையும் கவிதைகளையும் பற்றிய சுஜாதாவின் ஒருவரி முடிவுகள் பலவற்றில் இத்தன்மை உண்டு. புனைகதையில் தடயத்தை வைத்துவிட்டு விளக்கத்தைப் பின்னர்த் தருபவர், பத்தியில் தீர்ப்பை வைத்துவிட்டுத் தடயத்தைத் தராமலே போகிறார். சிறுபத்திரிகையின் வளரும் கவிஞர் ஒருவர்க்கு, பெரிய இதழ்களின் வாசகரை ஈர்த்த ஒருவரின் அவ்வொரு வரி சிறிய செய்தியன்று. புறநானூறு, ஆழ்வார் பாசுரம், ஹைக்கூ ஆகியவற்றுக்கு அவர் எழுதிய அறிமுக நூல்களில் பொறுமையான விளக்கம் காணப்படுவதால், இது திறமைக் குறைவு ஆகாது. பத்தியின் இட அளவும் விரைவும் தந்த சலுகை எனலாம்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் முன் இரு வழிகள் உள்ளன. தன்மைப் பெயரைச் சேர்த்தால் தீர்ப்பு தனிக்கருத்தாகச் சுருங்கி, மூலத்தைவிட நியாயமானதாகிவிடும். செயப்பாட்டு வடிவை மேற்கொண்டால் அதிகாரம் மிஞ்சும், நகைச்சுவை போய்விடும். நிகழ்ச்சிக் குறிப்புகளில் தன்மைப் பெயரை இயன்றவரை குறைத்து, தீர்ப்புகளில் வினையே இல்லாத குறைத்தொடரைக் கையாளுவது ஓரளவு பொருந்தும். அத்தகைய குறைத்தொடர்களைச் சுஜாதாவும் தமிழில் தாராளமாகவே ஆண்டுள்ளார்.