வாவிக்கரைக் குடிகளும் அவற்றை எழுதியவர்களும்

ஃப்ராங்க் ஹெர்பெர்ட் 1965இல் எழுதிய ‘ட்யூன்’ நாவலில் அட்ரீடிஸ், ஹார்க்கோனன் என்ற இரு பிரபுக் குலங்கள் ஒரு பாலைவனக் கோளுக்காக மோதுகின்றன. ஒரு குலம் தன்னை மிஞ்சிவிடுமோ என்று அஞ்சும் பேரரசன், அதன்மேல் மற்றதை ஏவிவிடுகிறான். யாருக்கு யார் பிள்ளை பெறவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மறைவில் கணக்கு வைக்கிறது ஒரு பெண்கள் சங்கம். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அந்தக் கணக்கு ஊரறிய நடந்தது. இங்கே ஒருவன் எந்தக் குடி என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறாள். அதிகாரம் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது.

உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி, பெத்தான் குடி என்று நீளும் முக்குவர் சாதியின் குடிகளின் கதைக்கு முதல் நூல் ‘மட்டக்களப்பு மான்மியம்’. ஏட்டுப் பிரதிகளிலிருந்து எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் அதைப் பதிப்பித்தார். 1215இல் படையெடுத்து வந்த கலிங்க மாகனே குடிமுறையையும் வன்னிமை என்ற சிற்றாட்சி முறையையும் வகுத்தான் என்கிறது அது. உரைநடையும் செய்யுளும் கலந்து, பல கைகள் பட்டு வளர்ந்த நூல் அது. ஆகவே ஆண்டுக்கணக்குக்கு அதை நம்பக்கூடாது. ஆனால் எந்தக் குடி எந்த உரிமையைக் கேட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மண்முனையை ஆண்ட உலகநாச்சி, உன்னரசுகிரியின் ஆடகசவுந்தரி என்று அரசிகளை முன்னிறுத்தும் நூலும் அதுதான். பின்வந்த ஆய்வாளர்கள் இந்த அரசிகளைப் புராணம் என்று ஒதுக்கிவிட்டு மாகனையே பிடித்துக்கொண்டது பெரும் இழப்பு.

திமிலர் என்ற போட்டிச் சாதியை முக்குவர் வென்ற கதையில் பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் துணைநிற்கிறார்கள். வெற்றிக்குப் பின் அவர்கள் முக்குவப் பெண்களை மணந்து ஏறாவூர்ப் பக்கம் குடியமர்ந்தார்கள் என்பது வழக்கு. அது வரலாறோ இல்லையோ, கிழக்கின் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் பொறுப்பாளராக அமர்ந்த ஊர்கள் உண்டு.

பேரரசுகள் வந்துபோனதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒல்லாந்தரான ஸ்பில்பெர்கன் 1602இல் இங்கே கரையிறங்கி, இங்கிருந்த சிற்றரசனைக் கண்ட பிறகே கண்டிக்குப் போனார். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தாண்டில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். சம்மாந்துறை, எருவில், போரதீவு, மண்முனை போன்ற பற்றுகளின் நிலக்கிழார்களான போடிமாரை விட்டு ஆள யாராலும் முடியவில்லை.

குடிகளின் அடிவேரை வெட்டியது ஒரு சட்டம். அதற்கு முன் முக்குவர் சட்டத்தின்படி முதுசம் என்ற பரம்பரைச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கே சேர்ந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் அச்சட்டத்தை நூலாக்கினார். அதே ஆண்டில் வந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதைச் செல்லாததாக்கியது. ஆனாலும் குடி அழியவில்லை. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதுவதும், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருப்பதும், ஒரே குடிக்குள் கலியாணம் பேசாததும் தொடர்ந்தன.

குடிகளின் போட்டி கோயிலுக்குள் நகர்ந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழா நாட்கள் குடிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. பூசை முடிந்ததும் எந்தக் குடியின் வண்ணக்கர் என்ற கோயில் பொறுப்பாளர் முதலில் அழைக்கப்படுகிறார், காளாஞ்சி என்ற கோயில் மரியாதை முதலில் யார் கைக்குப் போகிறது என்பதில் ஊரே கண்ணாக நிற்கும். அந்த ஒழுங்கு மாறினால் அந்தக் குடியில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது அவமானம். நிலமும் பட்டமும் கைவிட்டுப்போன பிறகு, குடியின் மதிப்பை ஊர் பார்த்து ஒப்புக்கொள்ளும் இடம் கோயில் ஒன்றுதான். அதனால்தான் கோயில் வழக்குகள் நீதிமன்றம் வரை போயின.

இதை நன்கு விளங்கிக்கொண்டவர் மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே. 1982இல் முக்குவர் வன்னிமை பற்றி எழுதிய கட்டுரையும், அக்கரைப்பற்றை மையமாக்கி 2008இல் வந்த பெருநூலும் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே தாய்வழி அமைப்புக்குள் வைத்துப் பார்க்கின்றன. மண்டூர் முருகன் கோயிலின் உரிமைப் போட்டியைப் பற்றி மார்க் விட்டேக்கர் 1999இல் எழுதிய நூல், ஒரே கோயிலுக்குப் பல வரலாறுகள் எப்படி ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன என்று காட்டுகிறது. இருவரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். தமிழில் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. கூத்து, நாட்டார் பாடல், கண்ணகி வழிபாடு எல்லாவற்றையும் அன்போடு தொகுத்த நூல் அது. ஆனால் குடிப்போட்டியை அதிகாரப் போட்டியாக அது படிக்கவில்லை.

இத்துறையில் இன்னும் எழுதப்படாதது பெண்வழி வரலாறு. வண்ணக்கரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்த தாயின் பெயர் இல்லை. அந்தப் பெயர்கள் சீதன உறுதிகளிலும் வீட்டில் வைத்திருக்கும் பழைய ஏடுகளிலும்தான் கிடக்கின்றன. உள்நாட்டுப் போரும் 2004 சுனாமியும் கொண்டுபோனது போக எஞ்சியவை அவை. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு கோயில் கல்வெட்டு ஏடோ, அம்மம்மாவின் சீதன உறுதியோ இருந்தால், கறையான் தின்னுமுன் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பு அமைப்புகளிடம் கொடுத்து ஒளிப்பிரதி எடுத்துவையுங்கள்.