குட்டியும் ஒரு தாயின் பிள்ளைதான்
– ஒரு சிறுகதையை முன்வைத்துச் சில குறிப்புகள் –

எமது வாசிப்பு வட்டத்தில் அண்மையில் வாசிக்கப்பட்ட ஒரு கைப்பிரதி பற்றியது இக்குறிப்பு. எழுதியவர் இளையவர், கதை இன்னும் அச்சேறவில்லை. எனவே பெயரைத் தவிர்த்துக் கதையை மட்டும் பேசுகிறேன்.

கிழக்குக் கரையோரத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை. இரத்தப் புற்றுநோய். இரவு பஸ்ஸில் மகரகமவுக்குப் போவதும் வருவதுமாக நாட்கள் கழிகின்றன. பிள்ளை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பூனை. வாப்பா மீன் சந்தைக்குப் பின்னால், கண் திறந்து சில நாட்களேயான குட்டியொன்றைத் தூக்கி வருகிறார். பால்மாவைக் கரைத்து ஊட்டுகிறார்கள். ஒரு சுபஹு நேரம் குட்டி மௌத்தாகிவிட, அன்றே பிள்ளையின் இரத்தப் பரிசோதனை முடிவு நல்லதாக வருகிறது. "புள்ளட பலாய அது கொண்டு பெய்த்து" என்கிறார் மூத்தம்மா. கதை முடிகிறது.

வட்டத்தில் பலரது கண்கள் கலங்கின. எனக்கும்தான். பிள்ளையின் உதிர்ந்த முடியை உம்மா உள்ளங்கையில் பொத்திக்கொண்டு குப்பையில் போட மனமின்றி நிற்கும் இடம் எமது சிறுகதைகளில் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல. பேச்சுமொழியும் பிசகவில்லை. ஆயினும் கண்ணீர் ஒரு கதையின் வெற்றிக்குப் போதிய சான்றாகாது. எனது நெருடல்கள் மூன்று.

முதலாவது, நோய் பற்றியது. இவ்வகைச் சிகிச்சையின்போது வெண்குருதிக் கலங்கள் வீழ்ந்து, உடல் கிருமிகளை எதிர்க்கும் வலுவை இழக்கிறது. தெருக்குட்டியின் நகக்கீறலும் உண்ணியும் மலமும் அப்பிள்ளைக்கு ஆபத்தானவை. மிருக வைத்தியர் பரிசோதித்துத் தடுப்பூசி போட்ட, வளர்ந்த, சாதுவான பூனை. அதன் கழிவை நாள்தோறும் வேறொருவர் அகற்றுதல். எல்லாவற்றுக்கும் முன் டொக்டரின் சம்மதம் – இவ்வளவும் வேண்டும். இவற்றைத் தகவலாகத் திணிக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் ஆசைக்கும் பிள்ளையின் உயிருக்கும் இடையில் தவிக்கும் ஒரு வாப்பா இங்கே இருக்கிறார். அந்தத் தவிப்புத்தான் கதை. ஆசிரியர் அதைத் தாண்டிப் போய்விட்டார். இந்நோயின் சிகிச்சை இரண்டு, மூன்று வருடங்கள் நீளக்கூடியது. ஒரு நல்ல முடிவோடு அது தீர்ந்துவிடுவதுமில்லை.

இரண்டாவது, மார்க்கச் சான்று. நபி (ஸல்) அவர்கள் உறங்கும் பூனைக்காகத் தமது சட்டைக் கையை வெட்டியதாக மூத்தம்மா சொல்கிறார். மூத்தம்மா சொல்லலாம். ஆனால் கதைசொல்லியும் அதை ஆதாரமாக ஏற்கிறார். அறியப்பட்ட ஹதீஸ் தொகுப்புகளில் அதற்கு ஆதாரம் கிடையாது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருப்பது வேறொரு காட்சி: மருமகள் கப்ஷா வுழூவுக்குத் தண்ணீர் எடுத்து வைக்க, பூனையொன்று குடிக்க வருகிறது, மாமனார் அபூ கதாதா (ரழி) அது வசதியாகக் குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சரித்துப் பிடிக்கிறார். பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்ற நபிமொழியை மருமகளுக்கு எடுத்துச் சொல்கிறார். எவ்வளவு சாதாரணமான வீட்டுக் காட்சி! இது கைவசமிருக்க, ஆதாரமற்ற கதை எதற்கு?

மூன்றாவதே முக்கியமானது. வாப்பா குட்டியைத் தூக்கும்போது, "தாய்ப்பூனை ஒழுங்கை முடியும் வரை பின்னால் வந்தது" என்றொரு வரி வருகிறது. கதையின் மிகச் சிறந்த வரி அதுவே. தன் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று நடுங்கும் ஒரு தகப்பன், இன்னொரு தாயின் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகிறான். ஆசிரியர் இதை எழுதினார்; பார்க்கவில்லை. பறவையொன்றின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவந்தபோது, தாய்ப்பறவை பதறியதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்ததும் அபூதாவூதில் உள்ளதே.

இப்போது முடிவைத் திரும்பப் பாருங்கள். அவ்வளவு சிறிய குட்டி தாய்ப்பாலும் தாயின் சூடும் இன்றிப் பிழைப்பது மிக அரிது. பால்மா அதன் வயிற்றுக்கு ஒத்துவராது. அது மௌத்தானது பலாயைச் சுமந்ததனால் அல்ல, தாயிடமிருந்து பிரித்ததனால். மூத்தம்மாவின் வார்த்தை அந்த வீட்டுக்கு ஆறுதல். அதை மறுக்க நான் யார்? ஆனால் படைப்பாளியும் அந்த ஆறுதலுக்குள் ஒளிந்துகொண்டால், ஒரு சிற்றுயிரின் மரணம் எமது நன்மைக்காக எழுதப்பட்ட கணக்காகிவிடுகிறது.

நண்பருக்கு என் வேண்டுகோள்: கதையைக் கிழித்துவிட வேண்டாம். முடிவை மட்டும் எடுத்துவிட்டு, அந்தத் தாய்ப்பூனை பின்தொடர்ந்த ஒழுங்கைக்கு வாப்பாவை ஒருமுறை திரும்ப அனுப்புங்கள். அங்கே அவர் என்ன செய்கிறார் என்பதை அறிய நாங்கள் காத்திருக்கிறோம்.