நந்தனார் வேடமும் நடிகர் தேர்வும்: தொடக்ககாலத் தமிழ்த் திரையில் பிரதிநிதித்துவம்

தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்களில் ஒடுக்கப்பட்டோர் கதைமாந்தராயினர். அவ்வேடங்களை ஏற்றோர் யாவர் என்பதும் ஆராயத்தக்கது.

'பக்த நந்தனார்' (1935) படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள், வேதியராக நடித்தவர் இசைக்கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஜெமினியின் 'நந்தனார்' (1942) படத்தில் நந்தனார் வேடம் தேவார இசையில் தேர்ந்த எம்.எம்.தண்டபாணி தேசிகருக்கு வாய்த்தது. பாடல்களே படத்தின் வெற்றியைத் தீர்மானித்த அக்காலத்தில் குரல்வளமே தேர்வின் அளவுகோலாயிற்று எனலாம். எனினும் அவ்வளவுகோல் நடுநிலையானதன்று. 1935இல் அந்தணர் வேடத்தை அந்தணரே ஏற்றார். ஆண் வேடத்தைப் பெண் ஏற்பதும் இயன்றது. நந்தனாரின் சமூகத்தவர் அவ்வேடத்தை ஏற்பது மட்டும் இரு படங்களிலும் நிகழவில்லை.

இவ்விரு படங்களுக்கும் இடையே, 1939 ஜூலை 8 அன்று, அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தோருள் கக்கனும் விருதுநகர் எஸ்.எஸ்.சண்முக நாடாரும் இருந்தனர். கோயில் நுழைவுரிமையை ஒட்டி 1899இல் சிவகாசியில் கலவரம் மூண்டதை நினைவிற்கொண்டால், இவ்வட்டாரத்தார்க்கு நந்தனார் கதை பழங்கதை மட்டுமன்று என்பது புலனாகும்.

கோயில் வாயில் திறந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னரும் நந்தனார் வேடம் அவர்தம் சமூகத்தார்க்கு எட்டவில்லை. ஆகவே, ஒடுக்கப்பட்டோர் மீதான திரையின் பரிவைப் பிரதிநிதித்துவமாகக் கொள்ளுதல் பொருந்தாது.