பொத்தானும் விடை வகையும்

கணினியில் ஒரு கோப்பை மூடப் போனால், சிறு பெட்டி ஒன்று தோன்றி வினா எழுப்புகிறது. அதற்கு உரையாடற் பெட்டி என்று பெயர். வினா மேலே நிற்கும்; விடைகள் கீழே பொத்தான்களாக நிற்கும். தமிழாக்கப்பட்ட மென்பொருள்களில் 'ஆம்', 'இல்லை', 'சரி', 'ரத்து' என்னும் சொற்களையே இப்பொத்தான்களில் மிகுதியும் காண்கிறோம். எழுத்து தமிழே, விடை தமிழ் மரபினதா என்பதே ஆராயத் தக்கது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், தமிழர் கடைத்தெரு என்றழைத்த லெபோ பாசாரில், "பொட்டலம் கட்டவா?" என்று கடைக்காரர் கேட்டால், வாங்குபவர் "கட்டுங்கள்" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். "ஆம்" என்று மட்டும் சொல்லி நிற்பவர் அரியர். வினாவிலுள்ள வினைச்சொல் விடையிலும் வருவது தமிழின் இயல்பு.

இது பேச்சு வழக்கு மட்டுமன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டாக வகுத்தார். "அஞ்சலகத்துக்குப் போவாயா?" என்ற வினாவுக்குப் "போவேன்" என்பது நேர்விடை, "போகேன்" என்பது மறைவிடை, "நீயே போ" என்று வினவியவனையே பணிப்பது ஏவல் விடை. மூன்றிலும் வினைச்சொல் நிற்கிறது. "சேமிக்கவா?" என்று கணினி கேட்க, "சேமி" என்று அதனையே பணிப்பது ஏவலின்பாற்படும்.

வினையை விட்ட பொத்தான் பிழைக்கு வழி செய்யும். "அச்சிடுவதை ரத்து செய்யவா?" என்று வினவி, 'சரி', 'ரத்து' என இரு பொத்தான்கள் வைத்தால் எதை அழுத்துவது? 'ரத்து' என்றால் அச்சு நிற்குமா, நிறுத்தும் எண்ணம் நிற்குமா? மதிப்பெண் பட்டியலை மூடும் வேளையில் இத்தகைய மயக்கம் நேரின், ஆசிரியரின் ஒரு நாள் உழைப்பு அழியும். 'அச்சிடுவதை நிறுத்து', 'தொடர்ந்து அச்சிடு' என்றிருப்பின் மயக்கத்துக்கு இடமில்லை.

குறை மொழிபெயர்ப்பாளருடையது மட்டுமன்று. விண்டோசின் பழைய செய்திப் பெட்டியில் பொத்தான் சொற்கள் முன்பே வகுக்கப்பட்டவை. நிரல் எழுதுவோர் அவற்றுள் ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுக்கலாமேயன்றி, எளிதில் சொல்லை மாற்ற இயலாது. வினாவைத் தமிழில் எழுதினாலும், ஆங்கில விண்டோசில் பொத்தான் ஆங்கிலத்திலேயே தோன்றும். 2007-இல் பொதுமக்களுக்கு வெளிவந்த விஸ்டாவோடு, வேண்டிய சொல்லைப் பொத்தானில் இடத்தக்க புதிய பெட்டியும் வந்தது. எனவே கருவியைக் குறை கூறி ஒதுங்க இனி இடமில்லை.

'சேமி' என்பது மரியாதைக் குறைவென்று கருதிச் சிலர் 'சேமிக்கவும்' என எழுதுவர். அது பொருந்தாது. பொத்தானில் ஒலிப்பது பயனரின் குரல், கேட்பது இயந்திரம். பணிவு வினாவில் இருக்கட்டும். விடையில் தெளிவு இருந்தால் போதும்.

மென்பொருளைத் தமிழாக்குவோர் வினாவையும் விடையையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தல் வேண்டும். கடைத்தெருவில் பொருந்தாத விடை கணினியிலும் பொருந்தாது.