தவறான நம்பிக்கையும் ஆங்கில அடைமொழிகளும்

ஆங்கிலத்திலே தவறான நம்பிக்கையைச் சுட்டும் சொற்கள் பெரும்பாலும் ஓர் அடைமொழியுடனேயே வழங்குகின்றன. 'பொப்பியுலர் ஃபலசி' தவற்றை மக்களுக்கு உரியதாக்குகிறது. 'ஓல்ட் வைவ்ஸ் டேல்' கிழவிகளுக்கு உரியதாக்குகிறது. இவ்வடைகள் வெறும் வருணனைகளல்ல. பழி யாரைச் சாரும் என்ற தீர்ப்பும் அவற்றுள் அடங்கியுள்ளது.

தோமஸ் பிறவுண் 1646இல் வெளியிட்ட 'சூடோடொக்சியா எபிடெமிக்கா' என்னும் நூல் 'வல்கர் எறர்ஸ்', அதாவது பாமரர் பிழைகள், என்ற பெயராலேயே பெரிதும் அறியப்பட்டது. ஆயின் நூலினுட் புகுவோர் காண்பது வேறு. யானைக்கு மூட்டுக்கள் இல்லை என்பது போன்று அவர் மறுக்கும் கருத்துக்களிற் பல, ஏடுகளின் வழியே கற்றோர் பேணிவந்தவை. முன்னோர் கூற்றை ஆராயாது பற்றிநிற்பதே அறிவின் கொடிய பகை என்று அவரே எழுதுகிறார். பெயர் மட்டும் பாமரர் தலையில் விழுந்தது.

1662இல் பரி சென் எட்மண்ட்ஸ் நகரில் ஏமி டெனி, றோஸ் கலண்டர் என்னும் இரு பெண்கள் சூனியக்காரிகளென விசாரிக்கப்பட்டபோது, நோயுற்றோர் சூனியத்துக்கு ஆளானவர்களே என மருத்துவராகிய பிறவுண் நீதிமன்றிற் கருத்துரைத்தார். இருவரும் தூக்கிலிடப்பட்டனர். மருத்துவரும் நீதிபதி மத்தியூ ஹேலும் கொண்டிருந்த அந்நம்பிக்கையைக் கற்றோர் பிழை என்று சுட்ட, மேற்கூறியவற்றைப் போல் நிலைபெற்ற தொடர் ஆங்கிலத்தில் இல்லை.

1893இல் மேரிங்குக்கு எழுதிய கடிதத்திலே ஏங்கெல்ஸ் 'பொய்யுணர்வு' என்பதைச் சிந்தனையாளனுக்கே உரியதாக்கினார். பின்னர் ஆங்கில வழக்கில் அத்தொடரும் பெரிதும் தொழிலாளர் மீதே சுமத்தப்பட்டது.